மாட்டுத்தாவணி பார்சல் ஆபீசில் அறுபத்து மூன்றாவது நிமிடம்

பம்பு மோட்டார் பெட்டிமேல்
போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
கோயம்புத்தூர்ச் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.
தாஷ்கண்டில் மழையாம்.

கோட்டோரம் ஒருவர் பலகையைத் தூக்குகிறார்:
சிவப்பில் பதினாறு, பச்சையில் எட்டு.
வர்ணனையாளர் அவள் பெயரை
மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிறார்.
மூன்றும் தப்பு.
விருமாயி, அய்யா. விருமாயி.
கருமாத்தூர்.
இருபத்திரண்டு மாசம் கழித்து
இந்தியச் சட்டையில் உள்ளே வருகிறாள்.

அந்த முட்டியை அறுத்தது நான்.

மேட்ச்கூட இல்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்
ஒரு புதன்கிழமைப் பயிற்சி.
ரெண்டு பேருக்கும் ஒரே கலர் சட்டை,
எனக்கு மட்டும் அதன்மேல் ஆரஞ்சுப் பனியன்.
பந்தைத்தான் பார்த்துப் போனேன்.
இதை ஆஸ்பத்திரி வராண்டாவில்
பதினேழு பேரிடம் சொன்னேன்.
எல்லோரும் நம்பினார்கள்,
அதுதான் தாங்கவில்லை.
சத்தம் சின்னதுதான்,
முருங்கைக்காயை ஒடிப்பது மாதிரி.
வீட்டில் இப்போதும் முருங்கைக்காயை
நான் ஒடிப்பதில்லை. கத்தியால் நறுக்குகிறேன்.

அப்புறம் பூட்ஸ் போடவில்லை.
யாரும் போடாதே என்றும் சொல்லவில்லை.
இங்கே ராத்திரி ஷிப்டுக்கு
கணக்கு எழுத ஆள் கேட்டார்கள், வந்துவிட்டேன்.

அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.
ஐம்பத்தெட்டுக் கால்வாயில்
அதிசயமாகத் தண்ணீர் விட்ட அந்தச் சில வாரம்
இடுப்பளவில் இறங்கி, எதிர்த்து நடந்தாளாம்.
தண்ணீரை நிறுத்தியதும்
மதகுப் படியில் ஏறி இறங்கினாளாம்.

பதினெட்டாவது மாசம் போன் வந்தது.
“சனிக்கிழமை கிரவுண்டுக்கு வா. பூட்ஸ எடுத்துட்டு வா.”

போனேன். ஆளில்லாத மைதானம்.
“அதே மாதிரி வந்து வெட்டு” என்றாள்.
“முட்டி சரியாயிருச்சுடி.
பயந்தான் இன்னும் அங்கனயே கெடக்கு,
அந்தப் பெனால்டி கோட்டுக்கிட்ட.”

முதல் தடவை பாதியில் நின்றேன்.
ரெண்டாவது தடவையும்.
அவள் திட்டிய வார்த்தையை எழுத முடியாது,
உசிலம்பட்டிச் சந்தைக்குப் போனால் கேட்கலாம்.
மூன்றாவது தடவை போனேன்,
முழுசாக, வலது காலை நீட்டி,
கண்ணை மூடாமல்.

அவளும் பந்தும் என்னைத் தாண்டியிருந்தார்கள்.
மண்ணில் கிடந்தேன்.
சிரிக்கிறேனா அழுகிறேனா என்று
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
“இன்னொருக்கா” என்றாள்.
இருட்டும்வரை நாற்பது தடவை இருக்கும்.

எழுபத்தொன்றாவது நிமிடம்.
நடுவட்டத்தில் பந்தை வாங்கித் திரும்புகிறாள்.
இடப்பக்கமிருந்து ஒருத்தி வருகிறாள், நெட்டையானவள்.
அந்த வரத்து எனக்குத் தெரியும்.
பந்தைத்தான் பார்த்து வருகிறாள்.

வட்டம் சுற்றுகிறது.
நெட் போய்விட்டது.

“அக்கா, தேனி லோடுக்குப் பில்லு.”

சுற்றுகிறது.

மேசைக்கடியில் என் வலது கால்
தானாக மடங்கிக்கொள்கிறது.

சுற்றுகிறது.

படம் வந்தபோது
பந்து எங்கோ வலது ஓரத்தில்,
வேறு யாரோ அதோடு ஓடிக்கொண்டிருக்கிறாள்.
நெட்டையானவள் ஈரப்புல்லில் உட்கார்ந்திருக்கிறாள்.
திரையின் மூலையில் எட்டாம் நம்பர்
காலுறையை இழுத்துவிட்டு நடக்கிறாள்,
கடையைப் பூட்டிவிட்டு
பஸ்ஸுக்குப் போகிறவள் போல.
என்ன செய்தாள், எப்படித் தாண்டினாள்,
திரும்பக் காட்டவே இல்லை.
கோல் விழுந்தால்தான் திரும்பக் காட்டுவார்கள்.

“யாருக்கா அது, தெரிஞ்ச பிள்ளையா?”
“ஒரே டீம்” என்கிறேன்.

பேய்க்காமன் பம்புப் பெட்டியைத் தூக்க வருகிறான்,
தேனி வண்டியில் ஏறவேண்டியது அது.
போனைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.
சுடுகிறது.
இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.