ஹீட்டர் எரியாத ஞாயிறு

முப்பத்தொரு குளிர்காலமாய்
சனி இரவு கோயில் பூட்டைத் திறந்து
பெஞ்சுகளுக்கு அடியில் ஹீட்டரைப் போட்டுவைப்பவள் நான்.
லோஃபோட்டன் தீவில் அதுவே என் ஊழியம்.
காலையில் வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுக்
கதகதப்பில் கண்சொருகுவார்கள்.
நானும்தான்.
ஜெபம் தானாக ஓடும்,
துறையில் கட்டிய படகு அலைக்கு ஆடுவதுபோல்,
எங்கும் போகாமல்.

இந்த வாரம் புயலில் மின்கம்பி அறுந்தது.
போதகர் பூடோவிலேயே மாட்டிக்கொண்டார்.
வந்தது ஐந்து பேர்.
ஐவரின் மூச்சும் வெள்ளையாய்,
மேலே ஒட்டிய காட் மீன் வாடையோடு.
"குட்வெய்க், நீயே ஆரம்பி" என்றான் அஸ்பியோர்ன்.

ஆரம்பித்தேன்.
அப்பம்வரை சரியாக வந்தது.
மன்னிப்பு வருகிற இடத்தில்
பாறையில் தட்டிய துடுப்பாய் நின்றது நாக்கு.

மூன்றாம் வரிசையில் போர்கில்ட்,
என் அண்ணன் மனைவி.
ஒரு படகுக்கொட்டகைக்காகப்
பதினொரு வருடம் பேச்சில்லை.
பதினொரு வருடம்
இதே வரியை இதே கூரையின் கீழ்
இரண்டு பேரும் தடுக்காமல் சொல்லியிருக்கிறோம்!

யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
காற்று மட்டும் கதவைப் பிடித்து உலுக்கியது.
ஆண்டவரே,
இத்தனை நாள் உம்மை
குளிர் ஏறாத ஓர் இடம் என்றே நினைத்திருந்தேன்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பலகை பனிக்கட்டி.
அவள் விலகவில்லை,
நகர்ந்து இடம் விடவும் இல்லை.
ஒரு கையுறையை மட்டும் கழற்றினாள்,
ஏனென்று தெரியாது.

விட்ட இடத்திலிருந்து
இருவரும்,
ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்க,
மெதுவாக