சுருக்கெழுத்தில் விழாத நாற்பது நொடி

ஹெலினாவில், சட்டமன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடி,
இயற்கை வளக் குழுவின் விசாரணை அறை.
இருபத்தாறு ஆண்டுகள் அங்கே என் விரல்கள்
பிறர் பேசியதை மட்டுமே பேசின.

எல்டன் க்விஸ்ட் எத்தனை முறை சாட்சி சொன்னார் என்று
என்னை யாரும் கேட்டதில்லை.
நாற்பத்தொன்று.

பனிச்சேறு அப்பிய செருப்போடு வருவார்.
மைக்கைத் தட்டிப் பார்க்க மாட்டார்.
வனத்துறையில் கணக்கராகத் தொடங்கியவர்.
மூவாயிரம் டாலர் மரத்தை இறக்க
ஒன்பதாயிரம் டாலருக்குச் சாலை போட்ட அரசைத்
தன் கையாலேயே கூட்டிக் கழித்துப் பார்த்த அன்று
வேலையை விட்டாராம்.
இதை மட்டும் பதினேழு முறை தட்டச்சு செய்திருக்கிறேன்.
சாலை ஒருமுறைகூட மலிவாகவில்லை.

"எல்லோருடையதும் என்றால்
யாரும் காவல் இருப்பதில்லை, தலைவர் அவர்களே."
அவருடைய எல்லாப் பேச்சுக்கும் அதுதான் வேர்.
மற்றதெல்லாம் கிளை, கொஞ்சம் இலை,
நிறையப் புள்ளிவிவரம்.

பேச்சோடு நின்றவர் அல்ல, அதையும் எழுத வேண்டும்.
லார்க் ஓடை ஆகஸ்டில் வெறும் கல்லாய்க் கிடக்கும்.
வயலுக்குப் பாய்ச்சாத தண்ணீர் வீண் என்றது பழைய சட்டம்.
அதை மாற்ற ஆறு ஆண்டு படியேறினார்.
பிறகு ஒடெட் பிரான்சனின் சமையலறை மேசையில்
காசோலையை வைத்து,
"இந்தக் கோடை குதிரைமசால் விதைக்காதே,
தண்ணீரை மீனுக்கு வாடகைக்கு விடு" என்றார்.
ஒடெட் சிரித்தாள். பிறகு காசோலையைப் படித்தாள்.
செப்டம்பரில் ட்ரவுட் ஏறிவந்தது.
நானே போய்ப் பார்த்தேன்,
விடுப்பு எடுத்து, யாரிடமும் சொல்லாமல்.

உருக்காலை மசோதா வந்த வருடம்
புகைக்கும் அதையே சொன்னார்:
உரிமையை வரையறுங்கள், விலை தானே பிறக்கும்.
கடைசி வரிசையில் எழுந்தாள் டோலரஸ் பெரோவிச்,
ஆலைக்குக் கீழ்க்காற்றில் வீடு,
மகனின் முடியில் ஆர்சனிக்.
"காற்றை நான் எந்தக் கடையில் வாங்கியிருக்க வேண்டும், ஐயா?
விற்றவன் யார்? ரசீது எங்கே?"

க்விஸ்ட் வாயைத் திறந்தார்.
மூடினார்.
சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நொடி.
குழாயில் வெந்நீர் முனகியது.
என் விரல்கள் விசைகளின் மேல்
சும்மா இருந்தன.
மௌனத்துக்கு விசை இல்லை.
ஆவணத்தில் அவள் கேள்வி முடிந்த அடுத்த வரியிலேயே
அவர் பதில் தொடங்குகிறது,
தயங்காத மனிதர் போல.

சாட்சிகளுக்குப் பிரதி இலவசம்.
அவர் மட்டும் பக்கத்துக்கு முப்பத்தைந்து காசு எண்ணி வைப்பார்:
சும்மா கிடைப்பதை எவன் படிக்கிறான்?
அந்த வாரமும் வந்தார். என் மேசையருகே நின்றே படித்தார்.
பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை ஊன்றி,
"இங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது" என்றார்.
"அதற்கு எங்களிடம் குறி இல்லை, டாக்டர் க்விஸ்ட்."
தலையை ஆட்டினார்.
காசை வைத்தார், அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து.

மசோதா இரண்டு ஓட்டில் தோற்றது.
அடுத்த ஆண்டும் வந்தார்.
மீன், காடு, மேய்ச்சல் நிலம்.
காற்றைப் பற்றி அவர் பேசவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.

இப்போது எனக்கு ஓய்வூதியம்.
எனக்கென்று எழுதும் முதல் பக்கம் இது.
ஒரு வரியைக் காலியாக விடுகிறேன்:



அவ்வளவு நேரம்தான்.