காலை அறிக்கை

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டால்
முன்னாள் படைவீரர் மன்றத்துச் சூடேற்றி
இரும ஆரம்பிக்கும்.
செவ்வாய்தோறும் அதன் பக்கத்தில்தான் எங்கள் மேஜை.
இது நாற்பத்தோராவது கடிதம்.
நான் தட்டச்சு அடிக்கிறேன்.
ஆர்விட் நைலண்ட் உறை மடிக்கிறான்.
ரோஸ்கோ டிபெட்ஸ் அஞ்சல்தலையை நாக்கில் வைத்துவிட்டு
"இது ஒட்டும் ரகம், மடையா" என்று
தன்னையே வாராவாரம் திட்டிக்கொள்கிறான்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை.
துப்பாக்கி தூக்கி நடந்தவர்களுக்குத் தந்தார்களே,
நீலப் பட்டையில் ஒரு சின்ன வெள்ளித் துப்பாக்கி,
அதுபோல ஒன்று பீரங்கிக்காரனுக்கும்.
அதனால் பென்ஷனில் ஒரு டாலர்கூட ஏறாது.
சவப்பெட்டிக்குள் போகிற கோட்டில்
குத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பதில் எப்போதும் ஒரே அளவுத் தாளில் வரும்.
தங்கள் சேவைக்கு நன்றி, ஆயினும்
இச்சின்னம் காலாட்படையினருக்கே உரியது.
ரோஸ்கோ உரக்கப் படிக்கச் சொல்வான்.
அவன் இடது செவி அந்தக் குன்றிலேயே தங்கிவிட்டது,
வலது முழங்காலுக்குக் கீழே உள்ளதும்.
படித்து முடித்ததும்
பிளாஸ்டிக் பாதத்தைத் தூக்கி மேஜைமேல் வைப்பான்:
"நியாயம்தான். காலை விட்டவன் எப்படிக் காலாள் ஆவான்?"
ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறோம்.

வியட்நாமில் அந்தக் குன்றுக்கு எண்தான், பெயர் இல்லை.
இரவு இரண்டு மணிக்கு முள்வேலி அறுந்தது.
பதினோரு கிலோமீட்டர் தள்ளிக் கொல்வதற்காக
வானம் பார்த்துச் செய்த குழலைத்
தரைமட்டத்துக்கு இறக்கினோம்.
குறிபார்க்கும் கருவிக்கு வேலையில்லை.
எதிரே வந்தவன் சட்டையில் பொத்தான்கள் தெரிந்தன.
மேலிருந்து இரண்டாவது இல்லை.
காலாட்படை அப்போது பள்ளத்தாக்கில் இருந்தது,
எங்கள் குண்டுகளை நம்பி.

போன வசந்தத்தில் வந்த பதில் மட்டும் வேறு மாதிரி.
மரிபெத் க்ளோஸ்னர் என்று
மையில் கையெழுத்துப் போட்டிருந்தாள் ஒருத்தி.
உங்கள் அணியின் அன்றைய காலை அறிக்கை கிடைத்தால்
மறுபரிசீலனைக்கு இடமுண்டு.
முந்தைய நாளுக்கு இருக்கிறது, அடுத்த நாளுக்கும்.
அந்த ஒரு நாளுக்கு மட்டும் காப்பகத்தில் இல்லை.

இருக்காது.
காலை அறிக்கை அணியின் எழுத்தர் எழுத வேண்டியது.
இருபது வயது, தடித்த கண்ணாடி,
நிமிடத்துக்கு எழுபது சொல் அடிப்பான்.
குண்டு ஏந்த ஆள் போதாமல் அன்றிரவு
கூடாரத்திலிருந்து அவனை இழுத்து வந்தார்கள்.
விடிந்தபோது விரல்கள் மடங்கவில்லை.
மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தான்.
மறுநாளுக்கு மறுநாளின் பிணங்கள் இருந்தன.

அது நான்தான்.
பதினாறு வருஷமாக இவர்களுக்குக் கடிதம் அடிக்கிறேன்,
இதை மட்டும் அடித்ததில்லை.

சென்ற செவ்வாய் சொன்னேன்.
ஆர்விட் கையிலிருந்த உறையை மடித்து முடித்தான்.
"அப்படியானால் டுவேன் ஹாக்கலா?"
மறுநாள் தேதியில் சேர்த்தேன், ஆர்விட்.
கல்லறைக் கல்லில் அவன்
ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறான்.

ரோஸ்கோவுக்கு வலது காதில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.
முதல் தடவையைவிட அது கடினம்.
அவன் காலை மேஜைமேல் வைக்கவில்லை.
தட்டச்சுப் பொறியை என் பக்கம் நகர்த்தினான்.
"அடி."

ஆகவே, இன்றைய தேதியிட்டு:
வானிலை, மூடுபனி. பீரங்கியில் எட்டுப் பேர்.
ஹாக்கலா, டுவேன், அதிகாலை நான்கு பத்து.
டிபெட்ஸ், வலது கால், இடது செவி.
நைலண்ட், காயமில்லை என்கிறான்.
அறிக்கை தாமதம். காரணம்,
எழுத்தர் தம் இடத்தில் இல்லை;
குண்டு ஏந்திக்கொண்டிருந்தார்.

நகல் இரண்டு.
ஒன்று வாஷிங்டனுக்கு.
மற்றது ஹாக்கலாவின் தங்கைக்கு.
அதில் அஞ்சல்தலை
இன்னும் யாரும் ஒட்டவில்லை.