எட்டு மில்லிமீட்டர்

வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்
சீட்டுக்கட்டுபோல் விரித்துக் காட்டினார்:
ஓக், வால்நட், மேப்பிள், ஹிக்கரி.
எங்கள் ஊர்க் காக்கை
ஒருமுறைகூட எச்சமிடாத மரங்கள்.
"மரம் இல்லம்மா, வினைல். மரத்தோட போட்டோ."
அந்த நேர்மைக்காகவே
ஐந்து மாதிரித் துண்டுகள் வாங்கிவந்தேன்.

ஒன்றில் ரசம் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன்.
ஒன்றில் மஞ்சள் குழைத்து அப்பினேன்.
ஒன்றின்மேல் இரும்புக் கட்டிலை இழுத்தேன்,
இழுத்ததையே திரும்பத் தள்ளினேன்.
ஒன்று மூன்று நாள் வாளித் தண்ணீருக்குள் கிடந்து
போனபோது இருந்த அதே முகத்தோடு வெளியே வந்தது.
ஐந்தாவதை இவர்
டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.
அதுதான் ஜெயித்தது என்று சொல்ல ஆசை.
ரசம் குடித்ததுதான் தேறியது.
கருப்பட்டி நிறம், அரை மில்லி மேல்தோல்.

பெருமாள்புரத்து மாடியறை மொசைக்கில்
இன்வெர்ட்டர் பேட்டரி ஒழுகிய இடம்
வெந்து வெளுத்து ஒன்பது வருஷம்.
முதலில் பாய் போட்டு மறைத்தேன், பிறகு பீரோ,
பிறகு யாரையுமே மாடிக்கு ஏற்றாமல்.
உடைத்துப் போடலாமென்றால்
கீழ்வீட்டு லிவிங்ஸ்டன்
சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறான்.
"சுத்தியல் சத்தம்னா
ஒருநா முன்னாடி சொல்லிருங்கக்கா."

பதினோரு பெட்டிகள் வந்தன.
"ரெண்டு நா ரூமுக்குள்ளயே படுத்துக் கெடக்கட்டும்,
நம்மூரு வெக்கை அதுக்குப் பழகணும்லா"
என்றார் மேலப்பாளையம் காஜா மீரான்.
அக்னி நட்சத்திரம் ஏழாம் நாள்.
பெட்டிகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி
இவரும் படுத்துக்கொண்டார்,
ரயிலைத் தவறவிட்ட கும்பலில் ஒருவர்போல.

மூன்றாம் நாள் மீரான்
பலகையைத் தொடவில்லை.
பீரோவை நகர்த்தி
அந்த வெள்ளைப் புண்ணை
உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.
"மூடிரலாம். ஆனா பள்ளத்தோட மூடுனா
நடக்க நடக்கப் பூட்டு விட்டிரும்."
கலவை குழைத்து நிரவி
மட்டப்பலகைக் குமிழி நடுவில் நிற்கும்வரை
யாரும் பேசவில்லை.

பிறகு சுவரோரம் சின்னச் சின்ன ஆப்புகள்.
பலகையைச் சாய்த்து
நாக்கைக் காடியில் கொடுத்து அமுக்கினால்
ஒரு சொடுக்கு.
கத்தியால் ஒரு கோடு,
முழங்காலில் வைத்து ஒரு முறி.

நாலாவது வரிசையில்தான் கண்டேன்,
ஜன்னலடியில் இருந்த கணு
கட்டில்காலடியிலும் இருந்தது.
அதே கண், அதே சுளிப்பு.
பெட்டிகளைப் பிரித்து எண்ணினேன். பதினான்கு.
"ஒரே சாடை உள்ள ஆளுங்க,
தள்ளித் தள்ளி உக்கார வைக்கணும்" என்று
மீரான் இரண்டைக் கழற்றி
தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

சாயங்காலம் லிவிங்ஸ்டன் படியேறி வந்தான்,
பென்சிலைக் காதில் சொருகி.
"அக்கா, வேலை நாளைக்கா?"
அவன் நின்றது வேலையின் மேல்.

சத்தம் போட்டது கதவு ஒன்றுதான்.
தரை உயர்ந்ததும் திறக்க மாட்டேனென்றது.
கழற்றி அங்கேயே கிடத்தி
அடியில் இரண்டு நூல் அறுத்தார்கள்.
வேங்கை.
மஞ்சளாய்க் கொட்டியது தூள்,
மரத்தின் போட்டோமேல் மரம்.
துடைப்பத்துக்கு வரவில்லை.
ஈரத்துணிக்கு வந்தது,
பிழிந்த வாளியில் தேயிலை நிறம்.

ஓரப்பட்டி மதுரையிலிருந்து
அடுத்த வாரம்தான் வருமாம்.
அதுவரை அறையைச் சுற்றி
சுவருக்கும் பலகைக்கும் நடுவே
எட்டு மில்லிமீட்டர் திறந்து கிடக்கிறது.
"வெயில்ல விரியும்லா, எடம் வேணும்."

ராத்திரி கம்மல் திருகாணி
அதற்குள் விழுந்தது.
டார்ச் அடித்தேன். பழைய மொசைக்,
பச்சையும் கறுப்புமாய்ச் சில்லுகள்.
கொண்டை ஊசியால் நெண்டி எடுத்தேன்.
திருகாணியோடு வந்தது
வேங்கைத் தூள் ஒரு சிட்டிகை.