வரிசை எண் 214

டொலீடோ நகரப் பள்ளி வாரியக் கூட்டங்களுக்குக்
குறிப்பெடுப்பவள் நான்.
என்ன பேசினார் என்று எழுதமாட்டேன்,
பேசினார் என்று மட்டும் எழுதுவேன்.
ஒன்பது வருடப் பழக்கம்.

பிப்ரவரி. ஏரிக்காற்று
கதவிடுக்கில் விசிலடிக்கிறது.
வரவு செலவுத் திட்டம், அறுபத்தெட்டாம் பக்கம்:
பேருந்து டயர், பனிக்கு உப்பு, ஒழுகும் கூரை,
இவற்றுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு
வரிசை எண் 214.
பிணக்குத் தீர்க்கும் அறை,
முப்பத்தெட்டாயிரத்து நானூறு டாலர்.

அறை என்றால் அப்படியொன்றும் அறை இல்லை.
துடைப்பமும் வாளியும் இருந்த இடம்.
ப்ளீச் வாடை இன்னும் போகவில்லையாம்.
வட்ட மேசை ஒன்று, நாற்காலி நான்கு,
வாரம் பத்தொன்பது மணிநேரச் சம்பளத்துக்கு
ரோஸ்வீதா டிப்ஸ் என்றொரு பெண்மணி.

பொருளாளர் கூபியாக் நல்லவர்தான்.
வாரியத்துக்குக் கையெழுத்திடும் பேனாவையும்
சொந்தக் காசில் வாங்குகிறவர்.
"விளைவைக் காட்டுங்கள்" என்றார்.
"எண்ணாகக் காட்டுங்கள்."

உடைந்த ஜன்னலுக்கு ரசீது உண்டு.
ஆம்புலன்சுக்கு உண்டு.
தாடையில் போட்ட ஆறு தையலுக்கு உண்டு.
வாசலில் பிள்ளைகள் குனிந்து நுழையும்
உலோகம் மோப்பம் பிடிக்கும் எந்திரத்துக்கு,
அதன் பராமரிப்புக்கு,
பராமரிக்க வந்தவர் வண்டி நிறுத்தியதற்குக்கூட.
நடக்காத சண்டைக்கு
எவன் தருவான் ரசீது?

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம்.
எட்டாம் வகுப்பு ஸரையா மெக்கின்டயர்
ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.
கையில் சுருள் நோட்டு. அதில்
இரண்டு பேருக்கு நடுவில் அவள் உட்கார்ந்த
அறுபத்தொரு வழக்குகள்.
திறந்தாள். மூடினாள்.
"அங்கே சொன்னது அங்கேயே இருக்கும்
என்று வாக்குக் கொடுத்துத்தான் ஆரம்பிப்போம்.
அதனால்..."
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
"ஒன்றை மட்டும் சொல்லலாம்.
அந்தப் பையனே சொல்லச் சொன்னான்.
அவனுடைய பல் ஒன்று உறையில் போட்டு
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
விழவைத்தவனும் அவனும் சிநேகிதர்கள் ஆகவில்லை.
ஒரே பேருந்தில் போகிறார்கள்.
பல்லை யாரும் திருப்பிக் கேட்கவில்லை."

மிச்ச நேரத்துக்கும் அப்படியே நின்றாள்.
மஞ்சள்.
யாரோ இருமினார்கள்.
என் தம்பியோடு நான் பேசி நாலு வருடம்.
ஒரு படகு விஷயம்.
அது இங்கே தேவையில்லை.
சிவப்பு.

எழுதினேன்: மாணவி ஒருவர் பேசினார்.

அப்புறம் வாரியம் பேசியது.
ஒடெல் ப்ரூயிட் மேசையைத் தட்டினார்.
கூபியாக் தாளை வீசவில்லை, வைக்கத்தான் செய்தார்;
வைத்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.
"உங்கள் தொகுதிப் பிள்ளைகள்" என்றார் ஒருவர்.
"உங்கள் என்றால்?" என்றார் இன்னொருவர்.
ஒரு வாக்கியமும் முற்றுப்புள்ளியைப் பார்க்கவில்லை.
ஸரையா மூன்றாம் வரிசையிலிருந்து
கேட்டுக்கொண்டே இருந்தாள்,
பழக்கதோஷம்,
இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பி.

நாலுக்கு மூன்று.
தொகை பாதியாயிற்று.
ஒன்பதரை மணிநேரம்.
இனி அந்தப் பள்ளியில்
செவ்வாயும் வியாழனும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.
மற்ற நாட்களில் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரவு ஒன்பதே முக்கால்.
கார்க் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டு வண்டி தள்ளி ப்ரூயிட்டும் கூபியாக்கும்,
வாயிலிருந்து வார்த்தை புகைபுகையாக.
ஒரு விரல் நீண்டது. எதிரே இன்னொன்று.

குறிப்பேட்டை மூடிக் கால்மணி ஆகிவிட்டது.
தவிர,
அன்று திங்கட்கிழமை.