இருபது டெசிபல்

லண்டன்பேட்டை. மூன்றாவது மாடி.
சின்டெக்ஸ் தொட்டி நிழலில் மடிக்கணினியோடு நான்.
மே மாதம், இரும்பு ஏணி சுடுகிறது.
கீழே மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
ஹாரனாலேயே பேசிக்கொள்கின்றன.

புகார் எழுதியவர் நூருன்னிசா, இ-சேவை மையம்:
‘பத்தரைக்கு மேல வைஃபை இருக்கு, ஆனா இல்ல.’
இதைவிடத் துல்லியமாக
என் கருவியும் சொல்லவில்லை.

எதிர் லாட்ஜின் மொட்டைமாடியில்
செல் கம்பெனி வைத்த புதுப் பெட்டி,
டிபன் கேரியர் உயரம்.
காசு கொடுத்து வாங்கிய அலைவரிசை போதாமல்
ஐந்து கிகாஹெர்ட்ஸில் இறங்கியிருக்கிறது.
தப்பில்லை. அது காற்றின் புறம்போக்கு.
யாருக்கும் பட்டா இல்லை,
யாரையும் விரட்டவும் முடியாது.

எண்பது மில்லிநொடி பேசுகிறது,
இருபது ஓய்கிறது,
பிறகு எண்பது.

வைஃபையின் வளர்ப்பு வேறு.
வாய் திறக்குமுன் கேள்.
யாராவது பேசினால் நில்.
குலுக்கி ஓர் எண் எடு, எண்ணி முடி,
மறுபடி கேள்.
எண்பதிலும் நின்றுவிட்டு
இருபதில் எல்லோரும் ஒரே கதவில் முட்டுகிறார்கள்.
பயிர்க் காப்பீட்டுக்கு வந்த பெருமாளப்பன்
மூன்றாம் முறையாகக் கட்டைவிரலை
வேட்டியில் துடைத்து வைக்கிறார்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.

‘முரட்டுப் பக்கத்துவீடு’ என்று அறிக்கையில் எழுதினேன்.
அடுத்த வரைபடத்தைப் பார்த்து அழித்தேன்.

தன் இனம் என்றால்
மைனஸ் எண்பத்திரண்டில் முணுமுணுத்தாலும்
வைஃபை காது கொடுக்கிறது.
பிறத்தியார்
மைனஸ் அறுபத்திரண்டுக்குக் கூவ வேண்டும்.
இருபது டெசிபல் வித்தியாசம்.
கணக்குப் போட்டால் நூறு மடங்கு.
நூறு மடங்கு கத்தாதவரை
அயலான் அங்கே இல்லவே இல்லை.

(நான் ரேடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.)

நியாயத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு வரையறை உண்டு.
அரைக்கு அரை இல்லை,
முதலில் வந்தவருக்கு முதல் பந்தியும் இல்லை.
வந்தவன் உங்களில் ஒருவனாக இருந்திருந்தால்
எவ்வளவு நெருக்கடியைப் பொறுத்திருப்பீர்களோ
அவ்வளவு. அதற்கு மேல் அவன் நெருக்கக் கூடாது.
முதல்முறை படித்தபோது
இது பொறியாளர் எழுதியதா என்று
பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

ஓசூரிலிருந்து சம்பங்கி போனில்:
‘கேட்டுட்டுப் பேசற மோடுக்கு மாத்திடவா, மேடம்?
எங்க வேகம் கொஞ்சம் கொறையும்.’
‘கொறையட்டும்.’

பதினொன்று ஐம்பத்திரண்டு.
சுவர் மாதிரி நின்ற சிவப்பில்
பல் விழுந்த சீப்பைப் போல
இங்கொன்றும் அங்கொன்றுமாய் இடைவெளி.

படியிறங்கிப் போய்க் கேட்டேன்.
பிரிண்டருக்குள் காகிதம் செருகியபடி,
நிமிராமலே, நூருன்னிசா:
‘மெதுவாத்தான் இருக்கு.
ஆனா இருக்கு.’