தீ மஞ்சளா எரியுது

என் கடையின் பெயரை
யாரும் தேடவில்லை.
ஜெகதாம்பிகா என்டர்பிரைசஸ் என்று
பதினெட்டாயிரம் கொடுத்துச் செய்த தளத்தின் நெற்றியில்
தங்க எழுத்தில் மினுங்கியது.
கீழே ஒரு செவ்வந்தி, கூப்பிய கை, ‘நல்வரவு.’
முதல் மாதம் வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒன்பது பேர் நான்.

கேஸ் குக்கர் திருத்துகிறேன்,
டன்பார் வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
தளத்தில் அது ஒன்றுதான் எங்கும் இல்லை.

வரைபடத்திலோ கடை
காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நடுவில் மிதந்தது.
நோர்வூட்டிலிருந்து ரெகுலேட்டரோடு வந்த ஒருவர்
கரையில் நின்று கோல் எடுத்தார்:
‘இங்க தண்ணிதானே இருக்கு?’
அன்றிரவு அந்தச் சிவப்புப் புள்ளியை
இழுத்து இழுத்து மலையேற்றினேன்.

தளம் செய்த ரூபன் சொன்னான்:
‘ஹட்டன் கேஸ், ஹட்டன் கேஸ்னு
நாப்பது தரம் போடுவோம் அக்கா,
வெள்ளையில வெள்ளையா. ஆளுக்குத் தெரியாது,
மெஷினுக்குத் தெரியும்.’
மூடுபனிக்குள் வெள்ளைச் சட்டையோடு நின்று
கூப்பிடுகிறவனை எனக்குத் தெரியும்.
பக்கத்தில் போனால் கடன் கேட்பான்.
வேண்டாம் என்றேன்.

பிறகு போனைக் கவனித்தேன்.
‘பாஸ் இருக்காரா?’ முதலில் அது.
‘நான்தான் பாஸ்.’
ஒரு மௌனம். அதற்குப் பிறகுதான் நோய் வெளியே வரும்:
தீ மஞ்சளா எரியுது.
சட்டி அடி கரியாகுது.
ஒரு பக்கம் பத்துது, மறுபக்கம் பத்த மாட்டேங்குது.
‘பேர்னர் பராமரிப்புச் சேவை’ என்று
ஒருவர் வாயிலும் வரவில்லை.
அப்படி எழுதியிருந்தவள் நான் மட்டும்தான்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
அவர்கள் சொன்னதைச் சொன்னபடி பதிந்தேன்.
ஒவ்வொரு நோய்க்கும் தனிப் பக்கம்,
தலைப்பும் அதே வாய்ச்சொல்.

ஊருக்கே மூன்று எழுத்துக்கூட்டல்.
பஸ்ஸில் ஹட்டன், பழைய ரசீதில் ஹற்றன்,
தோட்டத்து வாயில் அட்டன்.
மூன்றையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்தேன்,
இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர்
நுவரெலியா வரைக்கும் போகிற மாதிரி.

செவ்வந்திப் படம் ஆறு எம்பி.
பொகவந்தலாவையின் ஒற்றைக் கோட்டு சிக்னலில்
அது, கினிகத்தேனை வளைவில் சிமெந்து லொறிபோல்,
முனகிக்கொண்டே நின்றது.
பிடுங்கி எறிந்தேன்.
அந்த இடத்தில் கரி பிடித்த ஒரு பேர்னர், சின்னதாய்.
படத்துக்குப் பெயரும் அதுவே.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கடைசியாய் எழுதிய பக்கம் ‘கேஸ் மணக்குது.’
நம்பரை உச்சியில் போடச் சொன்னான் ரூபன்.
நான் உச்சியில் போட்டது:
சிலிண்டரை மூடுங்கள். ஜன்னலைத் திறவுங்கள்.
லைட்டைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.
பிள்ளைகளோடு வெளியே போங்கள்.
நம்பர் அதற்கும் கீழே.

ஆடி மழை இரவு ஒன்றில், ஒன்பதே முக்காலுக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு பெண், மூச்சு வாங்க:
‘கேஸ் மணக்குதுனு அடிச்சேன். நீங்க வந்தீங்க.
மூடிட்டோம். வெளியில நிக்கிறோம்.’
குடை இருக்கா என்றேன்.
இல்லை என்றாள், ஏனோ சிரித்தாள்.
ஒரு குழந்தை தும்மியது.
தகரத்தில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் இருவரும் போனை வைக்கவில்லை.

பிறகு கேட்டாள்:
‘எவ்வளவு நேரம் வெளியில நிக்கணும்?’

தெரிந்ததைச் சொன்னேன்.
காலையில் ஓஸ் மாற்ற வருகிறேன் என்றேன்.
ஆனால் அதை நான் எழுதியிருக்கவில்லை.
பின்னட்டையைத் திருப்பி,
பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.